மேனேஜருக்கு ஒரு மாலை

திண்டிவனத்தில் பிறந்து, திண்டிவனத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்துவிட்டு, விழுப்புரம் டீம் கோல் போட்டால் எழுந்து நின்று குதிக்கிற ஒருவனை ஊர் என்ன செய்யும்? சைக்கிள் கடை சின்னக்கண்ணுவை ஊர் ஒன்றும் செய்துவிடவில்லை, கேலி மட்டும்தான் செய்தது. மெட்ராஸ் ரோட்டில், பஸ்கள் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அவன் கடை. எட்டு வாடகை சைக்கிள், ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. "இன்னாப்பா விழுப்புரம், காத்து கீதா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆட்கள் வருவார்கள். அவனும் சிரித்தபடி பம்பை எடுத்து நீட்டுவான். கோபமே வராத ஜென்மம். நானாக இருந்தால் பம்பாலேயே போட்டிருப்பேன்.

இந்தப் பைத்தியம் அவனைப் பிடித்தது 1951-இல், ஒரு பிளாடரால். அந்தக் காலத்துக் கால்பந்துக்கு மேலே தோல், உள்ளே ரப்பர் பிளாடர். பிளாடர் போனால் பந்து போச்சு. அந்த வருஷம் திண்டிவனம் ஷீல்டு பந்தயத்துக்கு விழுப்புரம் ஜங்ஷன் லெவன் வந்திருந்தது. பாதி ஆட்டத்தில் பந்து பொசுக்கென்று இறங்கிவிட்டது. வேறு பந்து கிடையாது. ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் பிளாடரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மைதானத்திலிருந்து கடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, ஒம்போது நிமிஷம் இருக்குது. முடியுமா?"

சின்னக்கண்ணுவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காற்றடித்துத் தொட்டியில் அமுக்கினான், குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தான், சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டான். ஆறு நிமிஷம்தான். அந்த மனிதர் சட்டைப் பையில் கை விடவில்லை. இவன் மணிக்கட்டைப் பிடித்து, "வா" என்று மைதானத்துக்கே இழுத்துப்போய், ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நடுவில் உட்கார வைத்தார். அவர்களுக்கு நறுக்கி வைத்திருந்த ஆரஞ்சில் இவனுக்கும் ஒரு துண்டு. "இவன் இல்லேன்னா இன்னிக்கு மேட்ச் இல்லடா. எழுந்து நின்னு கும்புடு போடுங்க" என்றார். பதினொரு பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

அதுவரை அவனுக்காக ஒருத்தரும் எழுந்து நின்றதில்லை. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்குத் திண்டிவனம் தோற்றது, சின்னக்கண்ணு தொண்டை கிழியக் கத்தியது விழுப்புரத்துக்கு.

அந்த மனிதர் அரங்கநாதன். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். ஊருக்கு அவர் மேனேஜர் சார். சும்மா சொல்லக் கூடாது, அவர் பந்தை உதைத்து ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். லீவு கிடைக்காதவனுக்காக அவன் மேலதிகாரி வீட்டு வாசலில் போய் நிற்பார். பதினொரு ஜெர்சியையும் அவர் மனைவி கிருஷ்ணவேணி வீட்டுக் கல்லில் துவைத்துப் போடுவாள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சவுரிராயன் என்கிற பையன், வழியில் கிடந்த தேங்காய் மட்டையை எட்டி உதைத்ததைப் பார்த்து, அவனைப் பிடித்து வந்து சென்டர் ஃபார்வர்டு ஆக்கியது அவர்தான். அந்த மாவட்டத்தில் அவனைப் போல் அடித்தவன் அப்புறம் வரவில்லை.

விழுப்புரம் எங்கே ஆடினாலும் சின்னக்கண்ணு கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவான், கையில் ஒட்டுப் போடும் டப்பாவோடு. அவன் மனைவி அஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். "தாலி கட்டுனது எனக்கா, அந்த மேனேஜருக்கா? இன்னிக்கே சொல்லிப்புடு, நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருக்கறேன்" என்பாள். போகமாட்டாள். அவன் திரும்பி வந்து ஆட்டத்தைக் கதையாகச் சொல்லும்போது அவளும் அடுப்பைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

1959-இல் கிளப்புக்குப் புதுச் செயலாளர் வந்தார். ஒரு ரைஸ் மில் முதலாளி புது ஜெர்சியும் பூட்ஸும் வாங்கித் தருவதாகச் சொன்னார், தன் மச்சானை மேனேஜராகப் போட்டால். போட்டார்கள். அதை அரங்கநாதனுக்கு யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் பம்பும் ஆரஞ்சுப் பையுமாக மைதானத்துக்கு வந்தார். அவர் நாற்காலியில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அரங்கநாதன் கூட்டத்தோடு புல்லில் உட்கார்ந்தார். சின்னக்கண்ணு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இடைவேளை வந்தது, போனது. ஆரஞ்சுப் பை அவர் மடியிலேயே இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல, சார்?"

"சொல்றதுக்குக் கூச்சப்பட்டிருப்பாங்க. உடு."

சின்னக்கண்ணுவால் விட முடியவில்லை. ஆபீஸ் பியூன் மாற்றலாகிப் போனால்கூட ஒரு மாலை, கையில் ஒரு எலுமிச்சம்பழம் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் டீமைப் பிள்ளை மாதிரி வளர்த்தவருக்கு ஒரு முழம் பூ கிடையாதா? இந்த ஒரு ஆதங்கம் அவன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷம் கழித்து அரங்கநாதன் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கெடாருக்குக் குடிபோக மூட்டை கட்டியபோது, சின்னக்கண்ணு ஒரு சம்பங்கி மாலையோடு போய் நின்றான். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"டீம் போடணும்டா. நீ போட்டா எனக்கு நானே போட்டுக்கின மாதிரி."

பெருமையும் வந்தது, அழுகையும் வந்தது. மாலையைத் திரும்பக் கொண்டுவந்து கடையில் இருந்த முருகன் படத்துக்குப் போட்டான்.

ஆளுக்குத்தான் போடக் கூடாது, படத்துக்குப் போடலாமே என்று அவனுக்குத் தோன்றியது 1962-இல். தோன்றாமலே இருந்திருக்கலாம். ஷீல்டு ஜெயித்த வருஷத்து குரூப் போட்டோ ஒன்று அவனிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய், மேனேஜர் முகத்தை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னான். ஸ்டூடியோக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு ஸ்டூல் போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். குரூப் போட்டோவில் ஒரே ஒரு தலையை வெட்டிப் பெரிதாக்கச் சொல்லி வருகிறவர்கள் எதற்காக வருவார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும், சின்னக்கண்ணு ஒருவனைத் தவிர. ஸ்டூடியோக்காரர் இறந்துபோனவர்களுக்குச் செய்கிற எல்லா மரியாதையும் செய்தார். மேனேஜருக்குத் தூரிகையாலேயே ஒரு கறுப்புக் கோட்டு மாட்டி, கழுத்தில் டை கட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

படம் கைக்கு வந்த அன்றைக்கு ஆயுத பூஜை. கடையைக் கழுவி, சைக்கிள்களுக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியாயிற்று. சாமி படங்களோடு சாமி படமாக மேனேஜரையும் மாட்டினான். எல்லாப் படத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. புதுப் படம் என்பதால் அதற்கு மட்டும் தனியாக ஒரு அகல் விளக்கு. பார்க்கப் பார்க்க அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. சுண்டலும் பொரியும் எடுத்துவர வீட்டுக்குப் போனான்.

அந்த அரை மணி நேரத்தில்தான் சவுரிராயன் வந்தான். பந்தாட்டத்தை விட்டபின் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மெட்ராஸிலிருந்து சிமெண்டு மூட்டை ஏற்றி விழுப்புரம் போகிற வழியில், வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கியவன் எதிரே பார்த்தான். மாலை, பொட்டு, விளக்கு, நடுவில் மேனேஜர். கேட்பதற்கு என்ன இருக்கிறது? செருப்பைக் கழற்றிவிட்டு நடுரோட்டில் நின்று சிலுவை போட்டுக்கொண்டான், அழுதான், வண்டியில் ஏறிப் பறந்தான்.

சின்னக்கண்ணு சுண்டல் கூடையோடு திரும்பியபோது லாரி கிளப்பிய புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலிருந்து அரங்கநாதன் இறங்கினார். கையில் குடை. நேரே கடைக்கு வந்து படத்துக்கு முன்னால் நின்றார். கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"கோட்டு யாருதுடா?"

"ஸ்டூடியோக்காரரு வரைஞ்சது, சார்."

"டையும் கட்டிருக்காரு."

"ஆமா சார். நல்லா இருக்குதா?"

"நான் எங்க கட்டினேன் டையி. நல்லாத்தான் இருக்குது." ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து நம்ம டீம் கெடாருக்கு வந்துதுடா."

சின்னக்கண்ணு துள்ளி எழுந்தான். "வந்தாங்களா! யார் யாரு சார்?"

"எல்லாரும்தான். நாப்பது பேரு. சவுரிராயன் லாரியில, சிமெண்டு மூட்டை மேலயே ஏறிக்கினு. நான் உள்ள கேப்பைக் களி துன்னுக்கினு இருந்தேன். கிருஷ்ணவேணி கதவைத் தொறந்ததும் சவுரிராயன் அவ கால்ல உழுந்து கதறுறான். இன்னாடா கூத்துன்னு நான் எழுந்து வந்து நின்னேன், வாயில களியோட. ஒவ்வொருத்தன் கையிலயும் மாலை. என்னைப் பாத்ததும் அத்தினி பேரும் மாலையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சானுங்க."

"போட்டிருக்கலாமே சார்! கையிலயே இருந்துதே, உங்க கழுத்துல போட்டிருக்கலாமே!"

"பொணத்துக்கு வாங்குன மாலையை உயிரோட இருக்கறவன் கழுத்துல எவன்டா போடுவான்? போற வழியில ஏரியில வீசிட்டானுங்களாம்."

அப்போதுதான் சின்னக்கண்ணுவுக்கு உறைத்தது. படத்தைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான். தொட்டியில் இருந்த தண்ணீரை எடுத்துத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டான். "ஐயோ சார், நான் பாவி சார்" என்று அவர் காலைப் பிடித்தான். படத்தைக் கழற்றப் போனான். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"படம் இருக்கட்டும். வெளக்கையும் மாலையையும் மட்டும் எடுத்துடு, கிருஷ்ணவேணி பாத்தா பயந்துக்குவா." சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. "தான் செத்தா எத்தினி பேரு வருவான்னு எவனுக்குடா தெரியும்? எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாப்பது பேரு. அழுதுக்கினு வந்தானுங்க. எனக்கு இது போதும்."

சந்தோஷமாகத்தான் பஸ் ஏறிப் போனார். சின்னக்கண்ணுவுக்கும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் விழுப்புரத்தில் ஆறவில்லை. சரக்கோடு லாரியைக் கெடாருக்குத் திருப்பியதற்காகச் சவுரிராயனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் சோற்றுக்கு அலைந்தான். போதாததற்கு, டீக்கடைக்கு டீக்கடை, "இன்னா சவுரி, இன்னிக்கு யாரு வாயில களி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். உயிரோடு இருக்கிறவருக்கு மாலை வாங்கிப்போன டீம் என்று பெயரே ஆகிவிட்டது. மறுபடி லாரி கிடைத்தபின் சவுரிராயன் திண்டிவனத்தில் ஒரே ஒரு முறை நிறுத்தினான். "நல்லா இருந்த பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாற்பது பேரில் ஒருவரும் அதற்குப் பிறகு கெடார்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கம்!

மாதம் ஒருமுறை சின்னக்கண்ணு மட்டும் போவான். 1964 கார்த்திகையில் போனபோது மேனேஜர் படுக்கையில் இருந்தார். நெஞ்சில் சளி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவன் திண்டிவனம் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு, அவன் கொண்டுபோன ஆரஞ்சின் ஒரு சுளையை வாயில் வைத்தபடியே அவர் போய்விட்டார்.

கிருஷ்ணவேணி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னது பந்தலைப் பற்றி. "பெருசாப் போடச் சொல்லு தம்பி. நாப்பது பேரு வருவாங்க, மழைக்காலமா இருந்தா நனைஞ்சுடுவாங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

வாசலை அடைத்துப் பந்தல் போட்டார்கள். சின்னக்கண்ணு பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு மிதித்தான். பத்து மைல், எதிர்க்காற்று, தூறல். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். அவன் அவசரத்துக்கு சைக்கிள் போகவில்லை.

சவுரிராயன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"சவுரி, மேனேஜர் பூட்டாருப்பா."

"எந்த ஸ்டூடியோவுல?"

"நெசமாப்பா. இந்தக் கையாலதான் கண்ணை மூடிட்டு வர்றேன். ஜல்தி வாப்பா, நீ வந்தா எல்லாரும் வருவாங்க."

"போன தடவை கண்ணால பாத்துட்டுத்தான் போனேன். இன்னா ஆச்சு? மூணு மாசம் என் புள்ளைங்க பட்டினி. இப்ப நீ வாயால சொல்றே, நான் நம்பணும்."

"என் புள்ளை மேல சத்தியம், சவுரி."

சவுரிராயன் கையைக் கழுவினான். கொஞ்சம் தயங்கியது போலத்தான் இருந்தது. பிறகு, "போ, பேஜாரு பண்ணாத" என்று கதவைச் சாத்திக்கொண்டான். சின்னக்கண்ணு கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை.

மூன்றரைக்கு மைதானத்தில் ஆட்டம் இருந்தது. கிளப் முழுக்க அங்கேதான் இருக்கும் என்று ஓடினான். இடைவேளையில் கோட்டைத் தாண்டி உள்ளேயே போய்விட்டான். செயலாளரிடம் சொன்னான், பழைய ஆட்டக்காரர்களிடம் சொன்னான், அழுதுகொண்டே சொன்னான். செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கச் சொல்றியா? நாங்க நின்னு முடிக்கறதுக்குள்ள அந்தாளு களி துன்னுக்கினு வந்துட்டா இன்னா பண்றது?" கூட்டமே சிரித்தது. பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. "சரி, நீ போய்க்கினே இரு, பாக்கலாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் சைக்கிளை எடுத்தான். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் கெடாரில் நிற்கவில்லை.

தன் கையாலேயே செய்த காரியம். அவருக்கு ஒரு மாலை விழ வேண்டும் என்று ஆசைப்பட்டான், வரவேண்டிய மாலைகளை எல்லாம் அவனே தடுத்து நிறுத்திவிட்டான். யாரை நோக? மழையில் மிதித்தபடி தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தான்.

பெரிய பந்தலில் ஒரு ஓரமாக உள்ளூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒண்டி நின்றார்கள். மீதி இடமெல்லாம் காலி. கிருஷ்ணவேணி தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள்.

"எத்தினி பேரு வர்றாங்க, தம்பி?"

"வந்துக்கினு இருக்காங்கம்மா" என்றான். அவன் வாயிலிருந்து அதுதான் வந்தது.

காத்திருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்த்தாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "இருட்டிக்கினு வருது. இதுக்கு மேல போனா கட்டை ஈரத்துல புடிக்காது" என்றார். அரங்கநாதன் கழுத்தில் வீட்டார் போட்ட ஒரே ஒரு மாலை இருந்தது. சின்னக்கண்ணுவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"யாரும் வரலம்மா. நம்பமாட்டேங்கறாங்க. நான்தாம்மா கெடுத்தேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் அவன் கைகளைப் பார்த்தாள்.

"நீயாவது ஒண்ணு வாங்கியாந்தியா, தம்பி?"

விழுப்புரத்தில் ஸ்டேஷன் முன்னால் வரிசையாகப் பூக்கடைகள். அன்றைக்கு நாலு தடவை அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறான். டீம் வரும், டீம் போடும் என்கிற ஒரே நினைப்பில் ஓடியவனுக்குத் தானும் ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் அவரையே சுற்றி வந்தவன், கடைசியில் வெறுங்கையோடு வந்து நின்றான்.

தூக்குவதற்கு ஒரு ஆள் குறைந்தது. சின்னக்கண்ணு ஈரச் சட்டையைக் கழற்றிப் பந்தல் காலில் போட்டுவிட்டு, போய்த் தோள் கொடுத்தான்.